‘பழைய பாக்கி’: மண்டிக்காரர் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது?

கமிஷன் மண்டியிலிருந்து வருகிற சீட்டில் கடைசித் தொகைக்கு மேலே ஒரு வரி இருக்கும். சில மண்டியில் ‘பழைய பாக்கி’ என்று முழுசாக எழுதுவார்கள். சில சீட்டில் ‘முன்பணம்’ என்று இருக்கும். சிலதில் வெறும் ‘பா’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு தொகை, அவ்வளவுதான். கத்தரிக்காய் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் போன் போட்டுச் சண்டை பிடிக்கிற நம் உழவர்கள்கூட இந்த வரியைக் கேள்வி கேட்பதில்லை. ‘வாங்கியிருக்கோம், பிடிக்கிறாங்க’ என்று விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு வாங்கினோம், எதற்காக வாங்கினோம், யார் வாங்கினது, எப்போது திருப்புவதாகப் பேச்சு என்ற நாலு கேள்வியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நம் காயை விற்ற காசு மண்டிக்காரர் கையில் இருக்கிறது. நாம் அவருக்குத் தரவேண்டியதும் இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாமா? தரலாம் என்றால் எதுவரை? வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியை மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இப்போது பள்ளிக்கரணையில் குடியிருந்துகொண்டு திருப்போரூர் பக்கம் இரண்டு ஏக்கரில் கத்தரியும் கீரையும் போடுகிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இதற்கான சட்டம் புதுசு இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் கோயம்பேட்டில் இன்று ராத்திரி இறங்கப் போகிற மூட்டைக்கும் அதுதான் பொருந்தும். அதில் 217-ஆம் பிரிவும் 218-ஆம் பிரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. 217 மண்டிக்காரருக்கு, 218 நமக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

217 சொல்வது இது: ஒருவருக்காக விற்றுக்கொடுக்கிற முகவர், அந்த வேலையில் அவர் சார்பில் தனக்கு வந்த பணத்திலிருந்து, அந்தத் தொழிலை நடத்துவதில் தான் கொடுத்த முன்பணம், முறையாகச் செய்த செலவு, தனக்குரிய கமிஷன் இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 218 சொல்வது: அப்படிப் பிடித்ததுபோக, வந்த பணம் முழுவதையும் சரக்குக்காரருக்குக் கொடுத்தே தீரவேண்டும்.

‘அந்தத் தொழிலை நடத்துவதில்’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வழக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மண்டிக்காரர் நம்முடைய முகவரா, அல்லது நம்மிடம் வாங்குகிற வியாபாரியா? சரக்கு நம்முடையதாகவே இருந்து, அவர் ஏலம் போட்டோ பேசியோ விற்று, கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தால் அவர் முகவர். ‘கிலோ 18 ரூபாய், மொத்தமா நானே எடுத்துக்கிறேன்’ என்று விலை தீர்த்து வாங்கிவிட்டால் அவர் வியாபாரி. அதன்பிறகு அவர் 40 ரூபாய்க்கு விற்றாலும் நாம் கேட்க முடியாது, அவர் 5 ரூபாய்க்கு விற்றாலும் நம்மிடம் குறைக்க முடியாது. சீட்டில் கமிஷன் என்று ஒரு வரி இருந்தாலே அவர் தன்னை முகவர் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கமிஷனும் பிடித்துவிட்டு, நமக்குத் தெரியாமல் சரக்கைத் தானே எடுத்துக்கொண்டு மேலே விற்று லாபம் பார்ப்பது 215, 216 பிரிவுகளில் மாட்டும். அந்த லாபத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நிரூபிப்பது கஷ்டம், அது வேறு விஷயம்.

இப்போது ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். 30 கிலோ மூட்டையாக 40 மூட்டை கத்தரி, 1,200 கிலோ. கிலோ 22 ரூபாய். விற்றுமுதல் 26,400. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 2,640. லாரி வாடகை மூட்டைக்கு 45 வீதம் 1,800. இறக்குக் கூலி மூட்டைக்கு 15 வீதம் 600. மகமை மூட்டைக்கு ஒரு ரூபாய், 40. இதெல்லாம் கழித்து 21,320. இந்தப் பயிருக்கு நாற்றுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் மண்டியில் வாங்கிய முன்பணம் 15,000. அதையும் கழித்தால் 6,320 ரூபாய் கைக்கு வரவேண்டும்.

கமிஷன் அவருடைய கூலி, பிடிக்கலாம். லாரி வாடகையும் இறக்குக் கூலியும் அவர் கையிலிருந்து கொடுத்த செலவு, பிடிக்கலாம். ஆனால் ‘முறையாகச் செய்த செலவு’ என்பதால் 45 கொடுத்துவிட்டு 60 எழுதக் கூடாது. மகமை கொஞ்சம் வேடிக்கையான வரி. கோயிலுக்கும் சங்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று வியாபாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பழைய ஏற்பாடு அது. ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பிரிவே, சட்டத்துக்கு முரணில்லாத வியாபார வழக்கத்தைத் தொடமாட்டேன் என்கிறது. ஆக, ஊரறிந்த வழக்கமாக இருந்தால் நிற்கும். ஒரு ரூபாய்க்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். அதே சமயம் மகமையைக் கொடுக்க வேண்டியவர் வியாபாரிதானே, உழவர் தலையில் ஏன் என்று கேட்டுவைப்பதில் தப்பில்லை.

15,000 முன்பணம் பிடிக்கலாம் என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்த மண்டிக்கே காய் போடுகிறேன் என்று சொல்லி, அந்தக் காயை விளைவிக்க வாங்கிய பணம் அது. இந்த நடவில் தீராமல் போனால் அடுத்த நடவின் காயிலும் அதே கணக்கில் பிடிக்கலாம், ஏனென்றால் தொழில் அதேதான். ஆனால் ‘தனக்குச் சேரவேண்டியது’ என்பதுதான் சட்டத்தில் உள்ள சொல். மூட்டைக்கு 50 ரூபாய் வீதம் கழித்துக்கொள்வது என்று பேசியிருந்தால், ஒரே லோடில் மொத்தத்தையும் பிடிக்க அவருக்கு உரிமை வந்துவிடாது. தவணை வராத கடன் இன்னும் சேரவேண்டிய கடன் ஆகவில்லை.

சிக்கல் அந்த 6,320-இல் வருகிறது. எங்கள் பக்கத்து உழவர் ஒருவருக்கு, பெயர் வேண்டாம், இந்தத் தொகையும் வரவில்லை. சீட்டில் அதற்கு நேராக ‘அப்பா கணக்கு’ என்று எழுதியிருந்தது. அவருடைய அப்பா அதே மண்டிக்குப் பல வருடம் காய் போட்டவர். 2015-இல் மகள் கல்யாணத்துக்காக 40,000 வாங்கியிருக்கிறார். 2016-இல் இறந்துவிட்டார். மண்டிக்காரர் அப்போது வாயைத் திறக்கவில்லை. மகன் ரசாயனத்தை விட்டுவிட்டு இயற்கை வழிக்கு வந்து, மூன்று வருடம் விளைச்சல் இறங்கி, இப்போதுதான் காய் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பழைய நோட்டு வெளியே வந்துவிட்டது.

“சார், அப்பா வாங்கினத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மாட்டுக்குத் தவுடு வாங்கணும், பஞ்சகவ்யத்துக்கு நெய் வாங்கணும், களை எடுத்த பொம்பளைங்களுக்குக் கூலி குடுக்கணும். மொத்தத்தையும் புடிச்சா நான் எங்க போறது? மொதலாளிகிட்ட கேட்டா, ஒங்கப்பன் கடன அடைக்கிறது ஒன் கடம டான்றாரு” என்றார்.

கடமை என்று அவர் சொன்ன சொல்லுக்கு ஒரு காலத்தில் சட்டத்திலும் இடம் இருந்தது. இந்துக் குடும்பத்தில் அப்பா வாங்கிய கடனை மகன் தீர்ப்பது புண்ணியக் கடமை, அதை வைத்து மகன் மேலேயே வழக்குப் போடலாம் என்று இருந்தது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்த அதே ஆறாம் பிரிவில், இந்தப் புண்ணியக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன்மேல் கைவைக்க நீதிமன்றம் அனுமதிக்காது என்றும் எழுதிவிட்டார்கள். திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு இது பொருந்தும். அப்பா விட்டுப்போன சொத்து எவ்வளவோ அதுவரைக்கும் கடன்காரர் கேட்கலாம். அதற்கு நீதிமன்றம் போகவேண்டும். மகன் தன் உழைப்பில் விளைவித்து அனுப்பிய கத்தரியின் காசைச் சத்தமில்லாமல் பிடிப்பது அதற்கு வழி ஆகாது. தவிர, கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் ‘காய் விற்கிற தொழிலை நடத்துவதில்’ கொடுத்த முன்பணம் ஆகுமா? என் கணக்கில் ஆகாது. அப்பாவே உயிரோடு இருந்திருந்தாலும் அது தனிக்கடன்தான். தனிக்கடனை வசூலிக்கத் தனி வழி உண்டு.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, மறைக்கக் கூடாது. பொதுவாக சரக்குக்காரர் இறந்தால் முகமை முடிந்துவிடும். ஆனால் 202-ஆம் பிரிவுக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: ஒருவர் 1,000 பொதி பஞ்சை இன்னொருவருக்கு அனுப்புகிறார். வாங்கியவர் அந்தப் பஞ்சின் பேரில் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருக்கிறார். விற்று உன் முன்பணத்தை எடுத்துக்கொள் என்று அனுப்பியவர் சொல்கிறார். அந்த அதிகாரத்தை அவர் பிறகு திரும்பப் பெற முடியாது. அவருக்குப் புத்தி பேதலித்தாலும், அவர் செத்தே போனாலும் அது முடியாது. ஆக, அப்பா ஒரு குறிப்பிட்ட பயிரின் பேரில் முன்பணம் வாங்கி, அந்தச் சரக்கையும் அனுப்பிவிட்டுக் கண்ணை மூடியிருந்தால், அந்தச் சரக்கின் காசில் மண்டிக்காரர் பிடிப்பது செல்லும். பத்து வருடம் கழித்து மகன் போட்ட கத்தரிக்கு இது வராது.

மண்டிக்காரர்கள் பக்கம் பேசுகிற வக்கீல்கள் 171-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதையும் தெரிந்துகொள்வோம். பற்றுரிமை என்பது அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கும்போது, நமக்குச் சேரவேண்டியது வரும்வரை கொடுக்காமல் வைத்திருக்கிற உரிமை. அதில் தனி, பொது என்று இரண்டு வகை. தையற்காரர் தைத்த சட்டைக்கு அந்தச் சட்டையின் கூலி வரும்வரை கொடுக்கமாட்டார். போன தீபாவளி பாக்கிக்காக இந்தச் சட்டையைப் பிடிக்க முடியாது. இது தனிப் பற்றுரிமை. மொத்தக் கணக்கின் பாக்கிக்காக எந்தப் பொருளையும் பிடிக்கிற பொதுப் பற்றுரிமையை 171-ஆம் பிரிவு ஐந்தே பேருக்குத்தான் கொடுக்கிறது: வங்கி, ‘ஃபேக்டர்’, துறைமுகக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற அட்டர்னி, காப்பீட்டுத் தரகர். வேறு யாருக்கும் வேண்டுமானால் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

‘ஃபேக்டர்’ என்றால் சரக்கைத் தன் வசம் வைத்துக்கொண்டு விற்றுக்கொடுக்கிறவர். அப்படிப் பார்த்தால் கமிஷன் மண்டி அதற்குள் வரும் என்று வாதிடலாம், வாதத்தில் வலுவும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், பொதுக் கணக்கு என்பது அந்த மண்டிக்கும் அந்த உழவருக்கும் நடக்கிற மண்டிக் கணக்குதான். இங்கிலாந்தில் 1803-லேயே ஹௌட்டன் எதிர் மேத்யூஸ் என்ற வழக்கில், ஃபேக்டராக ஆவதற்கு முன்னால் உண்டான கடனுக்காக ஃபேக்டர் சரக்கைப் பிடிக்க முடியாது என்று முடிவாகிவிட்டது. நம் சட்டமே அந்த ஊர் வழக்கத்திலிருந்து வந்ததுதான்.

இந்த ஐந்து பேரைத் தாண்டி மற்றவர்கள் உரிமை கொண்டாடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் பேர்போன வழக்கு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்குச் சட்ட ஆலோசகராக இருந்த ஆர்.டி. சக்சேனா என்ற வக்கீலை வங்கி நிறுத்தியது. தனக்கு 97,100 ரூபாய் கட்டணம் வரவேண்டும், அதுவரை வழக்குக் கட்டுகளைத் தரமாட்டேன் என்று அவர் வைத்துக்கொண்டார். 2000-இல் உச்ச நீதிமன்றம், வக்கீலுக்கு அப்படிப் பற்றுரிமை இல்லை, கட்டைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்துக்கு வேறு சட்ட வழியைப் பாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி, அதற்காகக் கையில் உள்ளதைப் பிடிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி என்று அந்த வழக்கு பிரித்துக் காட்டியது. நம் ஆட்கள் இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள். பாக்கி உண்மை என்பதாலேயே பிடிப்பது சரி என்று ஆகிவிடாது.

பொருளைப் பிடிப்பது பற்றி 221-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. முகவர், தன்னிடம் வந்த பொருள் சம்பந்தமான கமிஷனும் செலவும் வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். கத்தரியையும் கீரையையும் யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், மறுநாள் குப்பைக்குத்தான் போகும். பிடிபடுவது நம் பிளாஸ்டிக் கிரேடுகள். ‘பாக்கியைக் குடுத்துட்டு கிரேடை எடுத்துட்டுப் போ’ என்பது பல உழவர் கேட்ட வசனம். கிரேடு விற்பதற்காக அவரிடம் வந்த சரக்கு இல்லை, அதன் சம்பந்தமாக அவருக்குக் கமிஷனும் இல்லை.

மண்டிக்காரரைக் கொடுமைக்காரராகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டால், காகிதம் கையெழுத்து எதுவும் இல்லாமல் இருபதாயிரம் கொடுத்து அனுப்புகிறவர் அவர்தான். நான் வேலை பார்த்த கிளையில் அதே இருபதாயிரத்துக்கு அடங்கல், சிட்டா, வில்லங்கம், ஜாமீன், மூன்று நடை. கொத்தவால் சாவடியில் இருந்த காலத்திலிருந்து, 1996-இல் கோயம்பேட்டுக்கு வந்த பிறகும், சென்னையைச் சுற்றியுள்ள காய்கறிச் சாகுபடிக்கு நடவுக் காசு பெருமளவு மண்டியிலிருந்துதான் வந்திருக்கிறது. வட்டி கேட்பதில்லை என்பார்கள். ஆனால் அந்தப் பணம் ஒரு கயிறு: காய் அவருக்குத்தான் போடவேண்டும், அவர் சொன்ன விலைதான். இயற்கையில் விளைவித்தது என்று தனி விலை கேட்கவும் வாய் வராது. நம் இயக்கத்தில் பலர் ரசாயனத்தை விட்டார்கள், மண்டிக் கயிற்றை விட முடியவில்லை.

பஞ்சாப்பில் இதே கயிறு மாநிலம் முழுக்கக் கட்டியிருந்தது. அங்கே ‘ஆர்த்தியா’ என்பார்கள். அரசு கோதுமைக்கும் நெல்லுக்கும் கொடுக்கிற ஆதரவு விலையே ஆர்த்தியா கைக்குப் போய், அவர் தன் கடனைப் பிடித்துக்கொண்டு மீதியை விவசாயிக்குக் கொடுப்பார். 2021 ஏப்ரல் கோதுமைக் கொள்முதலிலிருந்து பணம் நேரே விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும் என்று மத்திய அரசு பிடிவாதமாக நின்று மாற்றியது. அதற்குப் பெரிய எதிர்ப்பு, ஆர்த்தியாக்களிடமிருந்து மட்டும் இல்லை, விவசாயிகளில் ஒரு பகுதியிடமிருந்தும். அவசரத்துக்குக் கடன் தருகிற ஒரே ஆளின் வசூல் வழியை அடைத்தால் அடுத்த கடன் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். நம் ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காசு கணக்கில் விழுகிறது, இடையில் பிடிக்க ஆள் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் உழவரிடம் கமிஷன் கிடையாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணத்தையும் வாங்குகிற வியாபாரிதான் கட்டவேண்டும். காய்கறிக்காரருக்குத்தான் இந்த வசதி இன்னும் எட்டவில்லை.

வங்கிக் கணக்கில் விழுந்தால் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 171-ஆம் பிரிவின் ஐந்து பேரில் முதல் ஆள் வங்கி. பயிர்க்கடன் தவணை தவறியிருந்தால், அதே வங்கியில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்பைக் கடனுக்குச் சரிக்கட்ட முடியும். நகைக்கடனை முழுசாகக் கட்டிவிட்டு நகையைக் கேட்டால், டிராக்டர் கடன் நிலுவை இருக்கிறது என்று நிறுத்துவதும் இந்த உரிமையின் பேரில்தான். ஆனால் வங்கிக்கும் எல்லை உண்டு. கடன் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறதோ, கணக்கும் அதே பெயரில், அதே நிலையில் இருக்கவேண்டும். கணவர் கடனுக்கு மனைவி கணக்கில் கைவைக்க முடியாது. அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு.

கையெழுத்து என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். மண்டி நோட்டை நீட்டி ‘ச்சும்மா ஒரு கையெழுத்து’ என்று கேட்பது அதற்காகத்தான். கெடு முடிந்த கடனை வழக்குப் போட்டு வாங்க முடியாதே தவிர, கடன் செத்துப்போவதில்லை. 60-ஆம் பிரிவின்படி, எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் நீங்கள் கொடுக்கிற பணத்தை, கெடு தாண்டிய பழைய கடனுக்குக்கூட அவர் வரவு வைக்கலாம். அதற்கு மாற்று அதற்கு முந்தைய 59-ஆம் பிரிவில் இருக்கிறது: எந்தக் கடனுக்கு என்று கொடுக்கிறவர் சொல்லிவிட்டால், வாங்கிக்கொள்கிறவர் அதற்குத்தான் வரவு வைக்கவேண்டும். ஆகவே பணம் அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் என்றாலும், ‘இது தை நடவு முன்பணத்துக்கு’ என்று ஒரு வரி போடுங்கள்.

பிடித்தது தப்பு என்று பட்டால் முதலில் செய்யவேண்டியது கணக்குக் கேட்பது. 213-ஆம் பிரிவின்படி, கேட்டால் சரியான கணக்குக் கொடுக்க முகவர் கடமைப்பட்டவர். வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். தபாலில் அனுப்பியதற்கான ரசீது ஒன்று வீட்டில் கிடக்கட்டும். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, என்ன விலை, என்னென்ன பிடித்தம், முன்பணம் எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தது, எதற்காக. இவ்வளவு கேட்டாலே பாதி மண்டியில் குரல் இறங்கிவிடும். முகவர்மேல் வழக்குப் போடுகிற மூன்று வருடக் கெடு, முகமை நடந்துகொண்டிருக்கும்போது கணக்குக் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து ஓடும், கேட்கவே இல்லையென்றால் முகமை முடிந்த நாளிலிருந்து. வழக்கு வேண்டாம் என்றால் செங்கல்பட்டிலோ சென்னையிலோ உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை.

போலீசுக்குப் போவது பற்றிக் கேட்கிறார்கள். முகவர் பணத்தை மோசடியாக எடுத்துக்கொண்டால் குற்றம்தான். பழைய 409, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு. ஆனால் எனக்குச் சேரவேண்டியது என்று நேர்மையாக நம்பிப் பிடித்தவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, அது சிவில் தகராறு. விலையையே குறைத்து எழுதினார், விற்றதை விற்கவில்லை என்றார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் பாருங்கள். அப்படிப்பட்டவருக்கு 220-ஆம் பிரிவின்படி அந்த வியாபாரத்துக்குக் கமிஷனே கிடையாது.

எங்கள் பக்கத்து உழவருக்காக நான் எழுதிக்கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். மண்டிக்காரர் பதில் எழுதவில்லை. மூன்றாவது லோடில் 6,320-ஐச் சேர்த்து அனுப்பிவிட்டார். கூடவே, இனி முன்பணம் கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார். உரிமையைக் கேட்டதற்கு விலை அது. எதிர்பார்த்ததுதான், அதனால் கடிதம் போடுவதற்கு முன்பே கிசான் கடன் அட்டைக்கு மனுக் கொடுக்க வைத்திருந்தேன். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை நிலத்தை அடமானம் வைக்காமல் விவசாயக் கடன் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 7 சதவீத வட்டியில், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்ப வரும். கிளையில் அடமானம் கேட்டால் அந்த உத்தரவை நினைவுபடுத்துங்கள். மேலாளர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். இப்போது நம்மில் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்கள். அதுவும் நம் விளைபொருளை வாங்கி விற்கிறது, நமக்கு விதையும் புண்ணாக்கும் கடனுக்குக் கொடுக்கிறது, பிறகு பிடிக்கிறது. 2003-இல் கம்பெனிச் சட்டத்துக்குள் வந்த இந்த நிறுவனங்களுக்கு, விலையில் ஒரு பகுதியை மட்டும் முதலில் கொடுத்து மீதியை நிறுத்தி வைக்கிற அதிகாரமே உண்டு. பிறகு அதைப் பணமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ கொடுக்கலாம். மண்டிக்காரருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் இல்லை! இயக்குநர்கள் நம் ஆட்கள்தான், நம்பிக்கையானவர்கள்தான். இருந்தாலும் நிறுத்தி வைத்த விலை யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும், இடுபொருள் கடனுக்கு எந்த லோடில் எவ்வளவு பிடித்தது என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித் தாளில் கொடுக்கவேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் எழுதிக் கேட்டிருக்கிறேன். வரும் பொதுக்குழுவில் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தில் அந்தத் தாள் வருகிறதா என்று இந்த மாதமே கேட்டுப் பாருங்கள்.